மருத்துவ மாணவர் ஆராய்ச்சி

மருத்துவ மாணவர் ஆராய்ச்சி என்பது, மருத்துவத்தில் இளநிலைப் பட்டப் படிப்பை மேற்கொண்டிருக்கும் மாணவர்கள், பட்டம் பெறுவதற்கு முன்னரே, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலின் கீழ் மருத்துவ அறிவியல் சார்ந்த கேள்வி ஒன்றுக்கு முறைப்படி விடை தேடும் செயற்பாட்டைக் குறிக்கும். இவ்வாராய்ச்சி ஆய்வகத்திலோ, மருத்துவமனையின் நோயாளர் பிரிவிலோ, ஊர்ப்புறத்திலோ, பழைய மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டோ நடைபெறலாம். சில நாடுகளில் இது பட்டத்துக்கான கட்டாயத் தேவையாகவும், வேறு சில நாடுகளில் மாணவரின் விருப்பத்துக்கு உரியதாகவும் உள்ளது. இந்தியாவில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இதற்கான முதன்மையான வாயில்களுள் ஒன்றாகும்.

மாணவர் ஆராய்ச்சியின் நோக்கம் பெரும்பாலும் பயிற்சியே. எனினும் அதில் பங்கு கொள்ளும் நோயாளர்கள் உண்மையான நோயாளர்களே. வெளியாகும் முடிவுகளும் பிறரால் உண்மையென நம்பப்படுபவையே. ஆதலால் மூத்த ஆய்வாளர் ஒருவருக்குரிய நெறிமுறைகள் அனைத்தும் மாணவருக்கும் பொருந்தும்.

வரலாறு

மாணவர்களின் கண்டுபிடிப்புகள்

மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற சில கண்டுபிடிப்புகள் மாணவர்களால் செய்யப்பட்டவை. 1835 ஆம் ஆண்டில் இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் முதலாண்டு மாணவராக இருந்த ஜேம்ஸ் பாஜெட், உடற்கூற்று அறுவைக் கூடத்தில் இறந்தவர் ஒருவரின் தசைகளில் சிறு வெண்புள்ளிகளைக் கண்டார். அத்தகைய புள்ளிகளை முன்னரும் பலர் கண்டிருந்தனர். அவற்றை எலும்புத் துணுக்குகள் என எண்ணிப் புறக்கணித்தனர். பாஜெட் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றினுள்ளும் சுருண்ட புழு ஒன்று இருப்பது தெரிந்தது. நன்கு வேகாத பன்றி இறைச்சி வழியாக மனிதரிடம் பரவும் டிரிக்கினெல்லா என்னும் ஒட்டுண்ணியே அது.

பெர்லினில் மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ், 1868 இல் தோலில் உள்ள கிளைத்த உயிரணுக்களை விவரித்தார். 1869 இல் தமது பட்ட ஆய்வேட்டில், கணையத்தினுள் தீவுகள் போல் சிதறிக் கிடந்த உயிரணுக் கூட்டங்களைப் பதிவு செய்தார். அவற்றின் பணி யாது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஊகித்து எழுதவும் முற்படவில்லை. 1893 இல் பிரெஞ்சு அறிவியலாளர் லாகெஸ் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் எனப் பெயரிட்டார். இன்சுலின் சுரக்கும் இடம் அதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று.

சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக மாணவரான இவார் சாண்ட்ஸ்ட்ரோம், கேடயச் சுரப்பியை ஒட்டியுள்ள இணைகேடயச் சுரப்பிகளை முதலில் நாயிலும் பின்னர் மனிதரிலும் கண்டு, 1880 இல் விரிவாக வெளியிட்டார். இங்கிலாந்தில் 1906 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஆர்தர் கீத் என்னும் உடற்கூற்றியலாளருடன் பணியாற்றிய மார்ட்டின் ஃபிளாக் என்னும் மாணவர், அகழெலியின் இதயத்தில் வழமைக்கு மாறான திசுத்திரள் ஒன்றைக் கண்டார். இருவரும் 1907 இல் வெளியிட்ட கட்டுரையே, இதயத் துடிப்பைத் தொடக்கி வைக்கும் கணுவைப் பற்றிய முதல் விவரணமாகும்.

இவர்களுள் எவரும் மூத்த ஆய்வாளர்களை விட மிகுதியான அறிவு பெற்றிருந்தவர் அல்லர். பிறர் பார்த்தும் கடந்து சென்ற ஒன்றை நின்று பார்த்ததும், பார்த்ததை உள்ளவாறே எழுதி வைத்ததும், அருகில் நுண்ணோக்கியோ வழிகாட்டியோ கிடைத்ததும் இவர்களிடையே பொதுவாகக் காணப்படுபவை.

உரிமை பற்றிய பிணக்குகள்

மாணவரின் கண்டுபிடிப்புக்கான மதிப்பு மாணவரையே சேரும் என்பது உறுதியன்று. பாஜெட் தாம் கண்டதை 1835 பெப்ரவரித் தொடக்கத்தில் தமது மருத்துவமனையின் மாணவர் கழகத்தில் படித்தார். அதே மாதத்தில் ரிச்சர்ட் ஓவன் என்னும் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் அப்புழுவை இலண்டன் விலங்கியல் கழகத்தில் விவரித்துப் பெயரும் இட்டார். கண்டுபிடிப்பு நெடுங்காலம் ஓவனின் பெயரிலேயே அறியப்பட்டது.

ஹெப்பாரின் என்னும் குருதி உறைவெதிர் மருந்தின் வரலாறு இதனினும் சிக்கலானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் மாணவராக இருந்த ஜே மெக்லீனிடம், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தூய்மைப்படுத்தும் பணியைப் பேராசிரியர் வில்லியம் ஹோவெல் ஒப்படைத்தார். எதிர்பார்ப்புக்கு மாறாக, கல்லீரலில் இருந்து எடுக்கப்பட்ட சாறு ஒன்று குருதி உறைவதைத் தடுப்பதை மெக்லீன் கண்டு 1916 இல் வெளியிட்டார். 1918 இல் ஹோவெல், எமெட் ஹோல்ட் என்னும் மற்றொரு மாணவருடன் இணைந்து எழுதிய கட்டுரையில் ஹெப்பாரின் என்னும் பெயரை வழங்கினார். பிற்காலத்தில் மருந்தாகப் பயன்பட்ட ஹெப்பாரின், மெக்லீன் பிரித்தெடுத்த பொருளே அன்று என்பது ஒரு சாராரின் கருத்து. தமது பங்கை உலகுக்கு உணர்த்த மெக்லீன் தம் வாழ்நாளின் இறுதிவரை முயன்றார்.

இன்சுலின் ஆய்வில் 1921 இல் பிரெடெரிக் பான்டிங்குடன் பணியாற்றிய சார்லஸ் பெஸ்ட், அப்போதுதான் இளங்கலைப் பட்டப் படிப்பை முடித்திருந்த மாணவ உதவியாளர் ஆவார். மருத்துவப் பட்டத்தை அவர் 1925 இல் பெற்றார். 1923 ஆம் ஆண்டின் நோபல் பரிசு பான்டிங்குக்கும் ஆய்வகத் தலைவர் மக்லியோடுக்கும் வழங்கப்பட்டது. பெஸ்ட் விடுபட்டதைக் கண்டு பான்டிங் தமது பரிசுத் தொகையில் பாதியை அவருக்கு அளித்தார்.

தானியேல் கரியோன்

மாணவர் ஆராய்ச்சியின் இன்னொரு பக்கத்தை, பெரு நாட்டு மாணவர் தானியேல் அல்சீதெஸ் கரியோனின் மரணம் காட்டுகின்றது. ஓரோயாக் காய்ச்சல் என்னும் கொடிய காய்ச்சலும், பெருவிய மரு எனப்படும் தோல் நோயும் ஒன்றா, வேறா என்பது அக்காலத்தில் தீராத வினாவாக இருந்தது. 1885 ஆகத்து 27 அன்று, லீமா மருத்துவமனை ஒன்றில் இருந்த நோயாளியின் மருவில் இருந்து எடுத்த பொருளைக் கரியோன் தமது உடலில் செலுத்திக் கொண்டார். சில வாரங்களில் காய்ச்சலும் கடும் குருதிச்சோகையும் தோன்றின. எழுத இயலும்வரை தமது நோய்க்குறிகளைத் தாமே குறித்து வந்த அவர், அக்டோபர் 5 அன்று இறந்தார். இரு நோய்களும் ஒன்றே என்பதற்கு அவரது மரணமே சான்றாயிற்று. அந்நோய் இன்று கரியோன் நோய் எனவும் வழங்கப்படுகின்றது. அக்டோபர் 5 பெருவில் மருத்துவ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. அவர் வீரராகப் போற்றப்படினும், இத்தகைய ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

நாடுகளில் நடைமுறை

ஐக்கிய அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1839 முதல் மாணவர்களிடம் ஆய்வேட்டைக் கோரி வருகின்றது. செருமனியில் மாணவர்கள் பலர் படிக்கும் காலத்திலேயே டாக்டர் பட்டத்துக்கான ஆய்வைத் தொடங்குகின்றனர். ஐக்கிய இராச்சியத்தில் மருத்துவப் படிப்பின் இடையே ஓராண்டை ஒதுக்கி, ஆராய்ச்சியுடன் கூடிய தனிப் பட்டம் ஒன்றைப் பெறும் வழக்கம் உள்ளது.

இந்தியா

இந்தியாவில் இளநிலை மருத்துவப் படிப்பு நான்கரை ஆண்டுகளையும், அதைத் தொடரும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணியையும் கொண்டது. இதில் ஆய்வேடு கட்டாயம் அன்று. முதுநிலைப் படிப்பில் ஆய்வேடு கட்டாயம் என்பதால், பெரும்பாலான மருத்துவர்கள் தமது முதல் ஆய்வை முதுநிலையிலேயே எதிர்கொள்கின்றனர். முன்பயிற்சி இன்றி, நோயாளர் பணிச்சுமையின் நடுவே செய்யப்படும் அவ்வாய்வு பல வேளைகளில் சடங்காக முடிந்துவிடுகின்றது. இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்றாக இளநிலை ஆராய்ச்சி கருதப்படுகின்றது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 இல் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்களிடையே எஸ்.டி.எஸ் என்றே இது அறியப்படுகின்றது. மாணவர் தமது கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, இரண்டு மாதங்களில் செய்து முடிக்கத்தக்க ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு பெற்ற ஆய்வை முடித்து அறிக்கை அளித்து, அவ்வறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே உதவித்தொகையும் சான்றிதழும் வழங்கப்படும். தொகையும் விண்ணப்ப நாட்களும் அவ்வப்போது மாறுவதால், உரிய ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும்.

இலங்கை

இலங்கையின் பல்கலைக்கழக மருத்துவ பீடங்களில் சமுதாய மருத்துவத் துறையின் கீழ் மாணவர்கள் ஆய்வுச் செயற்றிட்டம் செய்யும் நடைமுறை உள்ளது. 1978 இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் இதில் அடங்கும். இதனால் ஆய்வு என்பது ஆர்வமுடைய சிலருக்கு மட்டும் உரியதாக இராமல், வகுப்பினர் அனைவரும் கடந்து வரும் பயிற்சியாக அமைகின்றது.

ஆய்வு வகைகள்

மாணவர்கள் மேற்கொள்ளக்கூடிய ஆய்வுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நோயாளர் விவர அறிக்கை: கேஸ் ரிப்போர்ட் என்று பரவலாக வழங்குவது. அரிய நோய் ஒன்றையோ, பொதுவான நோயின் அரிய தோற்றத்தையோ விவரிப்பது. எழுதக் கற்பதற்கு ஏற்றது. ஆயின் ஒரு நோயாளியைக் கொண்டு பொது முடிவு எதற்கும் வர இயலாது.

குறுக்குவெட்டு ஆய்வு: குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட மக்களிடம் ஒரு நோயோ பழக்கமோ எவ்வளவு காணப்படுகின்றது என அளவிடுவது. இரண்டு மாதத் திட்டங்களுக்கு மிகவும் ஏற்றது. காரணம் எது, விளைவு எது என்பதை இதனால் நிறுவுதல் பெரும்பாலும் இயலாது.

நோயுற்றோர்–நோயற்றோர் ஒப்பாய்வு: நோயுற்றவரையும் நோயற்றவரையும் ஒப்பிட்டு, கடந்த காலத்தில் எக்காரணி வேறுபட்டிருந்தது எனக் காண்பது. ஒப்பீட்டுக் குழுவைத் தெரிவு செய்வதில் நேரும் பிழை முழு ஆய்வையும் பயனற்றதாக்கிவிடும்.

மருத்துவத் தணிக்கை: மருத்துவமனையில் வழங்கப்படும் சிகிச்சை, ஏற்கப்பட்ட தரத்துக்கு ஒத்துள்ளதா எனச் சரிபார்த்து, குறையைத் திருத்தி, மீண்டும் அளவிடுவது.

முறைசார் மீளாய்வு: முன்னர் வெளிவந்த ஆய்வுகளை அறிவிக்கப்பட்ட விதிகளின்படி தேடித் தொகுப்பது. நோயாளரை நேரடியாக அணுகத் தேவையில்லை. ஆயினும் இது பலர் எண்ணுவதைவிட மிகுந்த உழைப்பைக் கோருவது.

ஆய்வக ஆய்வு: விடுமுறைக் காலம் முழுவதையும் ஒரே ஆய்வகத்தில் செலவிடக்கூடியவர்க்கு உகந்தது.

ஆய்வின் படிநிலைகள்

வழிகாட்டியும் கேள்வியும்

வழிகாட்டியின் புகழை விட, மாணவருக்கு ஒதுக்க அவருக்கு நேரம் உள்ளதா என்பதும், அவரிடம் முன்னர் பயின்ற மாணவர்கள் தமது ஆய்வை முடித்தனரா என்பதும் முக்கியமானவை. முன்னாள் மாணவர்களிடம் கேட்டறிதல் இதற்கு எளிய வழியாகும்.

தொடக்க நிலையில் மிகவும் பரவலான பிழை, கேள்வி அகன்றதாக இருப்பதாகும். "நீரிழிவு பற்றிய ஆய்வு" என்பது கேள்வி அன்று, தலைப்பு மட்டுமே. "இம்மருத்துவமனையின் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவுக்கு இரண்டு மாதங்களில் வரும் வயது வந்தோருள், கடந்த ஓராண்டில் ஒருமுறையேனும் பாதப் பரிசோதனை செய்யப்பெற்றவர் எத்தனை விழுக்காட்டினர்?" என்பது கேள்வியாகும். யாரை, எங்கே, எக்காலத்தில், எதை அளப்பது என்பன அதில் தெளிவாக உள்ளன. விடை எதுவாயினும் அது பயன்படும் என்பதும் கவனிக்கத்தக்கது. நீரிழிவு நோயாளரின் பாதப் புண்ணை உரிய காலத்தில் கண்டறியாவிடின் காலை இழக்க நேரிடலாம். ஆகவே விழுக்காடு குறைவாக இருப்பின், அப்பிரிவு தனது நடைமுறையை மாற்றிக் கொள்ள அதுவே காரணமாகலாம்.

மாதிரியளவு

எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்பதை முன்னரே கணக்கிட வேண்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில், விடை 50 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் எனக் கொண்டு, 95 விழுக்காடு நம்பக அளவில் 5 விழுக்காட்டுப் புள்ளிக்குள் பிழையை அடக்க வேண்டுமாயின், 1.96 இன் வர்க்கத்தை 0.5 ஆலும் மீண்டும் 0.5 ஆலும் பெருக்கி, 0.05 இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 384 ஆகும். இரண்டு மாதங்களில் 48 வேலைநாட்கள் கிடைப்பின் நாளொன்றுக்கு 8 பேரைச் சந்திக்க வேண்டும். 10 விழுக்காட்டுப் புள்ளி வரை பிழையை ஏற்பின் 96 பேர், அதாவது நாளொன்றுக்கு 2 பேர் போதும். துல்லியத்துக்கும் காலத்துக்கும் இடையிலான இத்தெரிவை ஆய்வு தொடங்குமுன் செய்து, அதனை அறிக்கையிலும் குறிப்பிட வேண்டும். பாதி வழியில் எண்ணிக்கையைக் குறைத்து, தொடக்கம் முதலே அதுதான் திட்டம் என எழுதுவது நேர்மையற்ற செயலாகும்.

தரவும் பகுப்பாய்வும்

தரவுப் படிவத்தைச் சிலரிடம் முன்னோட்டமாகப் பயன்படுத்திப் பார்த்தல் நன்று. நோயாளரின் பெயர்களும் தரவும் ஒரே கோப்பில் இருத்தல் ஆகாது. குறியீட்டு எண் வழங்கி, பெயர்ப்பட்டியலைத் தனியே காக்க வேண்டும்.

பகுப்பாய்வில் எவ்வெவற்றை ஒப்பிடுவது என்பதையும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். உண்மையில் எவ்வித வேறுபாடும் இல்லாத தரவில், ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளை 0.05 என்னும் எல்லையில் செய்தால், அவற்றுள் ஒன்றேனும் தற்செயலாகவே "குறிப்பிடத்தக்கது" எனத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடாகும். எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிட்டு, தேறிய ஒன்றை மட்டும் வெளியிடும் ஆய்வு இதனாலேயே நம்பத்தகாததாகின்றது.

நெறிமுறை

மனிதரை உட்படுத்தும் ஆராய்ச்சிக்கான அடிப்படை நெறிகளை உலக மருத்துவச் சங்கத்தின் 1964 ஆம் ஆண்டு எல்சிங்கிப் பிரகடனமும் அதன் பிந்தைய திருத்தங்களும் கூறுகின்றன. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் பின்பற்றப்படுகின்றன. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தரவு சேகரிப்பதற்கு முன்னர் பெறப்பட வேண்டும். பின்னர் பெறுவது செல்லாது. பெயர் நீக்கப்பட்ட பதிவேடுகளைக் கொண்ட ஆய்வு போன்ற சிலவற்றுக்கு முழுப் பரிசீலனையில் இருந்து விலக்கு அளிக்கப்படலாம். எனினும் விலக்கு உண்டா என்பதை முடிவு செய்ய வேண்டியது குழுவே அன்றி மாணவர் அல்லர்.

பங்குபெறுவோரின் ஒப்புதல், அவர்களுக்கு விளங்கும் மொழியில் பெறப்பட வேண்டும். ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, நோயாளரால் படித்துணர முடியாத தமிழில் அளிப்பது விதியை நிறைவு செய்வதாகத் தோன்றினும் அதன் நோக்கத்தை நிறைவு செய்யாது. 7 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களிடம், பெற்றோரின் ஒப்புதலோடு சிறுவரின் இசைவும் பெறப்படுதல் வேண்டும்; 12 வயதுக்கு உட்பட்டோர் வாய்மொழியாகவும், அதற்கு மேற்பட்டோர் எழுத்து வடிவிலும் இசைவளிப்பர்.

மாணவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வெள்ளை மேலங்கி அணிந்த மாணவரையும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரையும் நோயாளரால் பிரித்தறிய இயலாது. மறுத்தால் சிகிச்சை பாதிக்கப்படுமோ என அஞ்சி ஒப்புக்கொள்வோர் உளர். எனவே தாம் மாணவர் என்பதையும், மறுப்பினால் சிகிச்சையில் எம்மாற்றமும் நேராது என்பதையும் தொடக்கத்திலேயே கூறுதல் கடமையாகும். கீழ்வகுப்பு மாணவர்களிடம் வினாக்கொத்து நிரப்பப் பெறும்போதும் இத்தகைய அழுத்தம் உண்டு என்பது மறக்கப்படலாகாது.

நோயாளருக்குப் புதிய சிகிச்சை எதையும் அளித்துச் சோதிக்கும் ஆய்வுகள், 2007 இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிவு செய்யப்படுதல் வேண்டும். வழிகாட்டியின் நேரடிப் பொறுப்பு இன்றி மாணவர் இவற்றில் ஈடுபடலாகாது.

கட்டுரையாசிரியர் உரிமை

மெக்லீன் போன்றோரின் காலத்தில் கட்டுரையாசிரியர் யார் என்பதற்கு எழுதப்பட்ட வரையறை இருக்கவில்லை. இன்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வகுத்துள்ளது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவுச் சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. கட்டுரையை எழுதியோ கருத்து நிலையில் திருத்தியோ இருத்தல். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் நிறைவேறினால் மட்டுமே ஒருவர் கட்டுரையாசிரியர் ஆவார்.

இவ்விதி இரு பக்கமும் பொருந்துவது. தரவு முழுவதையும் சேகரித்து, பகுப்பாய்வு செய்து, எழுதிய மாணவரின் பெயரை விடுத்தல் தவறு. துறைத் தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரையோ, நண்பர் என்பதற்காக உடன் பயில்வோர் பெயரையோ சேர்ப்பதும் அதே அளவு தவறு. பெயர்களின் வரிசையை ஆய்வு தொடங்கும் முன்னரே வழிகாட்டியுடன் பேசி எழுத்தில் குறித்துக் கொள்வது பின்னர் எழும் மனத்தாங்கல்களைத் தவிர்க்கும். நாளிட்ட ஆய்வுக் குறிப்பேடும் மாணவரின் பங்குக்குச் சான்றாகும்.

வெளியீடு

ஆய்வு வெளியிடப்படாவிடினும் அதன் பயிற்சிப் பயன் குறைவதில்லை. ஆனால் நோயாளர் அளித்த நேரத்துக்கும் தகவலுக்கும் ஈடாக, கண்ட முடிவை ஏதேனும் ஒரு வகையில் பிறர் அறியச் செய்வது முறையாகும். துறைக் கூட்டத்தில் அளிக்கை, மாநாட்டில் சுவரொட்டி அளிக்கை, ஆய்விதழ்க் கட்டுரை என அது அமையலாம். எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை என்பதும் வெளியிடத்தக்க முடிவே.

கட்டணம் பெற்றுக்கொண்டு, உண்மையான மதிப்பாய்வு இன்றிச் சில நாட்களிலேயே கட்டுரைகளை வெளியிடும் போலி ஆய்விதழ்கள் மாணவர்களைக் குறிவைப்பதுண்டு. கேட்காமலே வரும் புகழ்ச்சி மடல்கள், மிக விரைவான ஏற்பு, ஏற்ற பின்னரே தெரிவிக்கப்படும் கட்டணம் ஆகியன அவற்றின் அடையாளங்கள். அவற்றில் வெளியான கட்டுரையை வேறோர் ஆய்விதழில் மீண்டும் வெளியிட இயலாது என்பதால், உழைப்பு முழுவதும் வீணாகலாம்.

பயன்களும் குறைகளும்

ஆராய்ச்சியில் ஈடுபடும் மாணவர், பிறர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை ஐயத்துடன் படிக்கக் கற்கின்றார். ஒரு மருந்து பயன் தரும் என ஒரு கட்டுரை கூறும்போது, எத்தனை பேரிடம், எவரோடு ஒப்பிட்டு என வினவும் பழக்கம், ஆராய்ச்சியைத் தொடராத மருத்துவருக்கும் வாழ்நாள் முழுதும் உதவும்.

மறுபுறம், முதுநிலை இடத்துக்கோ வெளிநாட்டுப் பணிக்கோ தகுதி சேர்க்கும் பொருட்டு மட்டும் செய்யப்படும் ஆய்வுகளால், எண்ணிக்கையில் மிகுந்தும் பயனில் குறைந்தும் உள்ள கட்டுரைகள் பெருகுகின்றன என்னும் விமர்சனமும் உள்ளது. தேர்வுகளுக்கும் ஆய்வுக்கும் இடையே நேரம் போதாமை, புள்ளியியல் உதவி கிடையாமை, நெறிமுறைக் குழுக்கள் கூடுவதில் ஏற்படும் தாமதம் ஆகியன நடைமுறைத் தடைகளாகும். இத்தாமதத்தைக் கருதி, ஆய்வு தொடங்க விரும்பும் நாளுக்குச் சில மாதங்கள் முன்னரே முன்மொழிவை அளித்துவிடுவது நன்று.

இவற்றையும் பார்க்க

மருத்துவக் கல்வி
எல்சிங்கிப் பிரகடனம்
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்
லாங்கர்ஹான்ஸ் தீவுகள்
இன்சுலின்
ஹெப்பாரின்